பைத்தான் டேட்டாவை ஜேசன் ஆக்கும்போது எரர் வராமலே மாறிப்போகும் விஷயங்கள்

கேள்வி | நவம்பர் 3, காலை 10.12

அப்பாவின் மளிகைக் கடைக்குச் சின்னதாக ஒரு ஸ்டாக் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பைத்தான் டிக்டில் (கீ ஒன்றுக்கு ஒரு மதிப்பு என்று வைக்கும் டிக்ஷனரி) எல்லாம் சரியாக இருக்கிறது. ஜேசன் (டேட்டாவை வெறும் உரையாக எழுதி வைக்கும் வடிவம்) ஃபைலாகச் சேமித்துத் திறந்தால் துவரம் பருப்பையும் காணோம், உளுந்தையும் காணோம். பின்சாய்வுக்கோடு, யு, 0பிஏ4 என்று வரிவரியாக ஓடுகிறது. பைத்தானின் ஜேசன் மாட்யூலுக்குத் தமிழ் ஒத்துவராது, பிக்கிளுக்கு (பைத்தானின் இன்னொரு சேமிப்பு வடிவம்) மாறிவிடு என்கிறான் நண்பன். உண்மையா?

நவம்பர் 3, காலை 11.05

உண்மை இல்லை. ஒரு எழுத்துகூடத் தொலையவில்லை. 0பிஏ4 என்பது 'த' எழுத்தின் யூனிகோட் எண். அதே ஃபைலை ஜேசன்.லோட் செய்து பிரின்ட் போட்டுப் பாருங்கள், துவரம் பருப்பு முழுசாகத் திரும்பி வரும்.

டம்ப் (ஜேசனை ஃபைலில் எழுதுவது), டம்ப்ஸ் (ஸ்ட்ரிங்காகத் தருவது) இரண்டிலும் என்ஷ்யூர்_ஆஸ்கி என்று ஒரு ஆர்க்யுமென்ட் இருக்கிறது. நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது ட்ரூ. ஆஸ்கிக்கு (ஆங்கில எழுத்தும் எண்ணும் அடங்கிய பழைய எழுத்துத் தொகுதி) வெளியே இருக்கும் எழுத்து ஒவ்வொன்றையும் பெரும்பாலும் ஆறு ஆஸ்கி எழுத்தாக விரித்து எழுதிவிடும். இப்படி மாற்றுங்கள் (கோட் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்):

ஜேசன்.டம்ப்ஸ்(சரக்கு, என்ஷ்யூர்_ஆஸ்கி=ஃபால்ஸ்)

பிக்கிள் பக்கம் போகவே வேண்டாம். பிக்கிள் ஃபைலைத் திறக்கும்போது அதற்குள் யாராவது எழுதி வைத்த கோடும் ஓடிவிட வாய்ப்பு உண்டு. தவிர, அது பைத்தானுக்கென்றே உள்ள வடிவம். நாளைக்கு ஸ்டாக்கை மொபைலில் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நவம்பர் 3, காலை 11.48

கண்ணுக்கு அசிங்கமாக இருக்கிறது என்பதோடு இது முடியவில்லை. இடமும் தின்கிறது.

'உளுந்து' என்பதைப் பிரித்தால் உ, ள, உகரக் குறி, ந, புள்ளி, த, உகரக் குறி என்று ஏழு யூனிகோட் குறிகள். யுடிஎஃப்-8இல் (யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறை) தமிழ்க் குறி ஒன்றுக்கு 3 பைட், ஆக 21 பைட். விரித்து எழுதினால் 42. ஃபைல் அளவில் இரட்டிப்பு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் டேட்டாபேஸில் 255 எழுத்து என்று நீளம் கட்டிய நெடுவரிசையில் ஜேசனைப் போட்டு வைத்தால் கணக்கு பைட்டில் இல்லை, எழுத்தில். அங்கே ஏழு எழுத்து நாற்பத்திரண்டாகிறது, ஆறு மடங்கு.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் வாடிக்கையாளர் முகவரியை இப்படித்தான் சேமித்துக்கொண்டிருந்தார்கள். நீளம் தாண்டினால் வெட்டிவிட்டுச் சத்தமில்லாமல் சேமிக்கும்படி அந்த டேட்டாபேஸ் அமைந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதிய முகவரி எல்லாம் பத்திரமாக இருந்தது. தமிழில் எழுதியது மட்டும் தெருப்பெயருக்கு நடுவில் அறுந்து நின்றது. அறுந்த ஜேசனை லோட் செய்ய முடியாது என்பதால் அந்த வாடிக்கையாளரின் பக்கமே திறக்கவில்லை. தமிழில் எழுதியவருக்கு மட்டும் சேவை கிடைக்காமல் போவது எனக்கு இன்றைக்கும் ஆறாத விஷயம். அதனால்தான் இந்த ஒற்றை ஆர்க்யுமென்டுக்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

நவம்பர் 3, இரவு 9.20

"அப்படியென்றால் ஏன் ட்ரூ என்று வைத்தார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

காலம்தான் காரணம். பாப் இப்பொலிட்டோ எழுதிய சிம்பிள்ஜேசன் என்ற லைப்ரரியைத்தான் 2008 அக்டோபரில் வந்த பைத்தான் 2.6இல் ஜேசன் என்ற பெயரில் உள்ளே சேர்த்தார்கள். அப்போது ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குப் போகும் வழியில் என்கோடிங் எங்கே சிதையும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆஸ்கி மட்டும் எங்கே போனாலும் உடையாது. பாதுகாப்பான தேர்வுதான் அது, அன்றைக்கு.

2017 டிசம்பரில் வந்த ஆர்எஃப்சி 8259 (ஜேசனின் தரநிலை ஆவணம்), ஒரு குழுவுக்குள் மட்டும் புழங்கும் ஜேசனைத் தவிர மற்றது எல்லாம் யுடிஎஃப்-8இல்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமாகவே சொல்லிவிட்டது. பைத்தானின் டீஃபால்ட் மட்டும் பழையபடியே நிற்கிறது. மாற்றினால் பழைய புரோகிராம்கள் உடையும் என்பதால் அதை இனி மாற்றுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாம்தான் ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். அட்டவணை டேட்டாவுக்கான பாண்டாஸ் லைப்ரரியின் டூ_ஜேசனிலும் இதே கதை, அங்கே பெயர் ஃபோர்ஸ்_ஆஸ்கி. வெப் சேவை எழுத உதவும் ஃபாஸ்ட்ஏபிஐ வழக்கமாகத் தரும் ஜேசன் பதிலில் மட்டும் தமிழ் தமிழாகவே வரும்.

நவம்பர் 4, காலை 7.30

கேட்டவர்: "ஃபால்ஸ் போட்டேன். இப்போது ஃபைலில் எழுதவே விடவில்லை. சார்மேப் கோடெக் என்று எரர்."

விண்டோஸ் என்று நினைக்கிறேன். ஓப்பன் என்று வெறுமனே போட்டால் விண்டோஸில் அது பெரும்பாலும் சிபி1252 என்கோடிங்கை எடுத்துக்கொள்ளும். அதில் தமிழுக்கு இடமே இல்லை. ஓப்பனுக்குள் என்கோடிங்='யுடிஎஃப்-8' சேருங்கள். எழுதும்போதும் படிக்கும்போதும், இரண்டு இடத்திலும். பைத்தான் 3.15இலிருந்து யுடிஎஃப்-8 தான் டீஃபால்ட் என்று முடிவாகிவிட்டது (பைத்தான் மாற்றங்களுக்கான முன்மொழிவு ஆவணங்களில் ஒன்றான பெப் 686). அதன் பிறகும் நான் எழுதத்தான் போகிறேன், யார் எந்தப் பழைய பைத்தானில் ஓட்டுவார்கள் என்று தெரியாது.

நவம்பர் 4, காலை 7.41

இன்னொன்று. நோட்பேடில் திறந்து சேமித்த ஃபைலைத் திரும்பப் படிக்கும்போது "அன்எக்ஸ்பெக்டட் யுடிஎஃப்-8 பாம்" என்று வந்தால் பயப்பட வேண்டாம். ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கிறது. படிக்கும்போது மட்டும் 'யுடிஎஃப்-8-சிக்' கொடுங்கள். எழுதும்போது கொடுக்காதீர்கள்; ஜேசனை வெளியே அனுப்பும்போது அந்தக் குறியைச் சேர்க்கவே கூடாது என்று ஆர்எஃப்சி சொல்கிறது.

நவம்பர் 4, இரவு 10.15

நீங்கள் ஒட்டிய கோடை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். தமிழ் எழுத்தை மறந்துவிடுங்கள், அது தீர்ந்துவிட்டது. உங்கள் ஸ்டாக் டிக்டில் கீயாக இருப்பது பொருள் எண், அதுவும் இன்ட்டிஜர். அதுதான் ஆபத்து.

ஜேசனில் கீ என்றாலே ஸ்ட்ரிங்தான். வேறு வழி கிடையாது. 101 என்ற இன்ட்டிஜர் கீயைக் கொடுத்தால் பைத்தான் எரர் தராது, "101" என்ற ஸ்ட்ரிங்காக மாற்றி எழுதிவிட்டு அமைதியாக இருக்கும். ட்ரூ கொடுத்தால் "ட்ரூ", நன் (மதிப்பு இல்லை என்பதற்குப் பைத்தானின் சொல்) கொடுத்தால் "நல்" (அதற்கு ஜேசனின் சொல்). டூபிளைக் கீயாகக் கொடுத்தால் மட்டும் கத்தும்.

இனி உங்கள் கடையில் என்ன நடக்கும் என்று பாருங்கள். ராத்திரி கடை சாத்தும்போது 101 என்ற எண்ணில் 40 கிலோ துவரம் பருப்பு. சேமித்தாயிற்று. காலையில் லோட் செய்தால் கீ "101" ஆகிவிட்டது. மதியம் 5 கிலோ வந்து இறங்குகிறது. உங்கள் வரி:

ஸ்டாக்[101] = ஸ்டாக்.கெட்(101, 0) + 5

101 என்ற இன்ட்டிஜர் கீ அங்கே இல்லை. ஆகவே 0 + 5. இப்போது டிக்டில் "101" கீயில் 40, 101 கீயில் 5, இரண்டு பதிவு. பைத்தானுக்கு இரண்டும் வெவ்வேறு கீ. ராத்திரி மறுபடி சேமிக்கிறீர்கள். ஃபைலில் "101" என்ற அதே கீ இரண்டு தடவை எழுதப்படுகிறது, முதலில் 40, பிறகு 5. அதற்கும் எரர் கிடையாது. மறுநாள் லோட் செய்யும்போது ஒரே கீ இரண்டு தடவை வந்தால் கடைசியில் வந்ததுதான் நிற்கும். 40 கிலோ காணாமல் போய் 5 கிலோ மட்டும் மிச்சம்.

எந்த இடத்திலும் சிவப்பு எழுத்தில் எதுவும் வராது. மூட்டையை எண்ணிப் பார்க்கும் அன்றைக்குத்தான் தெரியும், அப்போது கடைப் பையன் மேல்தான் சந்தேகம் விழும். ஒரு மொத்த வியாபாரக் கடையில் அப்படி விழுந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் வேலையை விட்டுப் போன பிறகுதான் கோடைத் திறந்து பார்த்தோம்.

தீர்வு: பொருள் எண்ணை முதலிலேயே ஸ்ட்ரிங்காக வைத்துவிடுங்கள். ஃபைலில் இருந்து வந்த பிறகு இன்ட்டிஜராக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், எங்கோ ஓர் இடத்தில் மறந்துபோகும்.

நவம்பர் 4, இரவு 10.38

மேலே சொன்னதற்கு ஒரு காவல் போடலாம். லோட் செய்யும்போது ஆப்ஜெக்ட்_பேர்ஸ்_ஹுக் என்று ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம். கீயும் மதிப்பும் ஜோடி ஜோடியாக, டிக்ட் ஆவதற்கு முன்பே, லிஸ்டாக அதன் கைக்கு வரும். ஒரே கீ இரண்டு தடவை வந்தால் அங்கேயே வேல்யூஎரர் எழுப்பிவிடலாம். நாலைந்து வரிதான். பணம், சரக்கு சம்பந்தப்பட்ட ஃபைல் எதுவானாலும் நான் இதை வைக்காமல் விடுவதில்லை.

நவம்பர் 5, காலை 8.05

இன்னொருவர்: "செட் போட்டால் சீரியலைசபிள் இல்லை என்று திட்டுகிறது. டூபிளுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே?"

டூபிளை லிஸ்டாக மாற்றிவிடும், அதனால்தான். திரும்பி வரும்போது லிஸ்டாகவே வரும். ('மூட்டை', 50) என்று நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் ['மூட்டை', 50] வந்து நிற்கும், இரண்டும் சமம் இல்லை என்று பைத்தான் சொல்லும். நேம்டுடூபிளும் அப்படியே, ஆசையாக வைத்த பெயர்கள் போய் மதிப்புகள் மட்டும் வரிசையில் நிற்கும்.

செட்டுக்கு எரர் வருவது நல்லது. என்ன செய்வது என்று நம்மைக் கேட்கிறது. கேட்காமல் மாற்றும் டூபிளும் இன்ட்டிஜர் கீயும்தான் எனக்குப் பயம்.

நவம்பர் 5, காலை 8.52

அதே நபர்: "எல்லா எரருக்கும் டீஃபால்ட்=எஸ்டிஆர் போட்டால் தீர்ந்தது. எங்கள் டீமில் எல்லோரும் அதைத்தான் போடுகிறோம்."

தயவுசெய்து நிறுத்துங்கள். டீஃபால்ட் என்பது ஜேசனுக்குத் தெரியாத பொருள் வந்தால் என்ன செய்வது என்று கேட்க வைத்திருக்கும் கதவு. அங்கே எஸ்டிஆரை நிறுத்தினால் வருகிறவர் யாராக இருந்தாலும் உள்ளே விட்டுவிடும். தேதி ஸ்ட்ரிங்காகிறது, சரி. செட்டும் ஸ்ட்ரிங்காகிறது: அலைஅடைப்பு, மேற்கோள் எல்லாம் சேர்ந்து ஒரே உரையாக ஃபைலில் உட்கார்ந்துவிடும். நீங்களே எழுதிய கிளாஸ் ஒன்று வழிதவறி வந்தால், அதற்குத் தனியாக எஸ்டிஆர் எழுதியிருக்காவிட்டால், கிளாஸ் பெயரும் நினைவக முகவரியும் ஃபைலில் ஏறும். அதிலிருந்து எதையும் மீட்க முடியாது.

இப்படி எழுதுங்கள்:

டெஃப் மாற்று(எக்ஸ்):
    இஃப் ஈஸ்இன்ஸ்டன்ஸ்(எக்ஸ், டேட்): ரிட்டர்ன் எக்ஸ்.ஐசோஃபார்மேட்()
    இஃப் ஈஸ்இன்ஸ்டன்ஸ்(எக்ஸ், டெசிமல்): ரிட்டர்ன் எஸ்டிஆர்(எக்ஸ்)
    இஃப் ஈஸ்இன்ஸ்டன்ஸ்(எக்ஸ், செட்): ரிட்டர்ன் சார்டட்(எக்ஸ்)
    ரெய்ஸ் டைப்எரர்(டைப்(எக்ஸ்))

கடைசி வரிதான் உயிர். அதை விட்டுவிட்டால் ஃபங்ஷன் நன் என்று திருப்பும், ஃபைலில் நல் என்று விழும், அந்த மதிப்பு போயே போய்விடும். செட்டுக்கு சார்டட் போடுவதற்கும் காரணம் உண்டு. ஸ்ட்ரிங் செட்டின் வரிசை ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறலாம். நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் ஒப்பிடும்போது மாறாதது எல்லாம் மாறியதாகத் தெரியும்.

நவம்பர் 5, மதியம் 1.10

சேர்க்க மறந்தது: டேட்டைம் என்பது டேட்டின் வாரிசு, அதனால் மேலே முதல் வரியே இரண்டையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் டேட்டைம்.நவ்() என்று சும்மா எடுத்தால் அதில் எந்த ஊர் நேரம் என்ற தகவல் இருக்காது. கடையில் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடும்வரை பிரச்சினை இல்லை. வாடகை சர்வருக்கு மாற்றும் நாளில் அங்கே கடிகாரம் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், நமக்கு 5.30 மணி நேரம் பின்னால். காய்கறி மார்க்கெட் மாதிரி விடியற்காலை நாலு மணிக்குப் பில் போடும் இடமாக இருந்தால் அந்தப் பில் எல்லாம் முந்தின நாள் கணக்கில் சேரும். நேர மண்டலத்தோடு எடுத்தால் ஐசோஃபார்மேட் கடைசியில் +05:30 என்று எழுதிவிடும், குழப்பம் இல்லை.

நவம்பர் 5, இரவு 9.45

விலை. உங்கள் கோடில் விலை எல்லாம் ஃப்ளோட்டாக இருக்கிறது. 0.1 + 0.2 போட்டு டம்ப்ஸ் செய்து பாருங்கள், 0.30000000000000004 என்று ஃபைலில் விழும். இதில் ஜேசன் மேல் தப்பு இல்லை. ஃப்ளோட்டில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே திருப்பி எடுக்கும்படி எழுதுகிறது. ஃப்ளோட்டில் பணம் வைத்ததுதான் தப்பு.

ஜேசனுக்குப் பைத்தானின் டெசிமல் (தசம எண்ணைத் துல்லியமாக வைக்கும் வகை) தெரியாது. இரண்டு வழி. ஒன்று, "163.00" என்று ஸ்ட்ரிங்காக எழுதிப் படிக்கும்போது டெசிமல் ஆக்கிக்கொள்வது. இரண்டு, எல்லாவற்றையும் பைசாவில் இன்ட்டிஜராக வைப்பது: 16300. எடையைக் கிராமில் வைப்பது: 40000. நான் பைசா, கிராம் கட்சி. யார் படித்தாலும், எந்த மொழியில் படித்தாலும் இன்ட்டிஜர் இன்ட்டிஜர்தான்.

வேறு யாரோ அனுப்பும் ஜேசனில் 163.50 என்று எண்ணாகவே வந்தால் லோட்ஸில் பார்ஸ்_ஃப்ளோட்=டெசிமல் கொடுங்கள். ஃப்ளோட்டாக மாறும் முன்பே டெசிமல் ஆகிவிடும்.

நவம்பர் 6, காலை 6.55

பைசா பற்றி ராத்திரி சொன்னதை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும். கிலோ 163 ரூபாய் விலையில் 175 கிராம் வாங்கினால் 28.525 ரூபாய். அரைப் பைசா மிஞ்சுகிறது. அதை மேலே தள்ளுவதா கீழே விடுவதா என்பது கடையின் முடிவு, டம்ப்ஸ் செய்யும் நேரத்தில் தற்செயலாக நடக்கக் கூடாது. டெசிமல் எதுவும் சொல்லாவிட்டால் இரட்டைப்படையை நோக்கிச் சுருக்கும், 28.52 என்று வரும். அப்பா மனக்கணக்கில் 28.53 என்பார். ரவுண்ட்_ஹாஃப்_அப் என்று வெளிப்படையாகக் கொடுத்து, சுருக்கிய பிறகு வரும் 2853 பைசாவை மட்டும் பில் வரியில் எழுதுங்கள். விலையும் எடையும் பக்கத்திலேயே இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

நவம்பர் 6, காலை 9.30

எச்எஸ்என் எண்ணையும் (வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எண்) இன்ட்டிஜராக வைத்திருக்கிறீர்கள். பருப்பு வகைக்கு 0713, மிளகுக்கு 0904. இன்ட்டிஜர் ஆக்கினால் 713, 904. முன்னால் இருக்கும் சைபரோடு எண் எழுத ஜேசனும் விடாது, பைத்தானும் விடாது. கூட்டிக் கழிக்காத எண் எல்லாம் ஸ்ட்ரிங்: எச்எஸ்என், பார்கோட், ஃபோன், பின்கோட்.

பெரிய எண்ணாக இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பைத்தான் எவ்வளவு பெரிய இன்ட்டிஜரையும் அப்படியே எழுதும், பிரவுசரில் இருக்கும் ஜாவாஸ்கிரிப்டோ 9007199254740992க்கு மேல் போனால் கடைசி இலக்கங்களைத் தவறாகப் படிக்கலாம். ட்விட்டர் 2010இல் ட்வீட் எண்கள் அந்த எல்லையைத் தாண்டப் போகின்றன என்று தெரிந்ததும் ஐடி பக்கத்திலேயே ஐடி_எஸ்டிஆர் என்று அதே எண்ணை ஸ்ட்ரிங்காகவும் கொடுக்க ஆரம்பித்தது இதனால்தான். 13 இலக்கப் பார்கோட் அந்த எல்லைக்குள்தான் அடங்கும். இருந்தாலும் ஸ்ட்ரிங்.

நவம்பர் 6, இரவு 8.20

இன்னொருவர்: "எக்செலில் இருந்து பாண்டாஸ் வழியாக எடுத்து டம்ப்ஸ் செய்தேன். பைத்தானில் லோட் ஆகிறது, பிரவுசரில் பக்கமே வரவில்லை."

எக்செலில் ஏதோ ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. பாண்டாஸ் அதை நேன் ('எண் அல்ல' என்பதற்கான குறி, நன் வேறு) என்று எடுத்துக்கொள்ளும். பைத்தான் டம்ப்ஸ் அதை நேன் என்று அப்படியே எழுதிவிடும், பைத்தான் லோட்ஸ் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். ஆனால் ஜேசன் இலக்கணத்தில் நேன் கிடையாது, பிரவுசர் மறுத்துவிடும். எழுதியவர் இடத்தில் எல்லாம் நன்றாக ஓடும், வாங்கியவர் இடத்தில் மட்டும் விழும், இருவரும் ஒருவரை ஒருவர் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அலவ்_நேன்=ஃபால்ஸ் போடுங்கள். நேன் வந்தால் எழுதும் இடத்திலேயே வேல்யூஎரர். பிறகு அந்தக் கட்டத்துக்கு நல் வேண்டுமா 0 வேண்டுமா என்று நீங்கள் முடிவு செய்யலாம். எடை தெரியாத மூட்டையும் எடையே இல்லாத மூட்டையும் ஒன்றில்லை.

ஒரு காலி கட்டம் இருந்தாலே அந்த நெடுவரிசை முழுக்க ஃப்ளோட் ஆகி 40 என்பது 40.0 ஆகியிருக்கும், அதையும் கவனியுங்கள்.

நவம்பர் 7, காலை 7.15

கேட்டவர்: "ஸ்டாக்கில் கொள்ளு இரண்டு தடவை வருகிறது. இரண்டும் ஒரே எழுத்துதான், எத்தனை தடவை பார்த்தாலும் வித்தியாசம் இல்லை. ஸ்பேஸும் இல்லை."

இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகிவிட்டது, தமிழ் டேட்டாவில் நான் ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கும் இடம் இது. இரண்டு பெயருக்கும் லென் போட்டுப் பாருங்கள். ஒன்று 6 என்றும் இன்னொன்று 7 என்றும் வரும்.

ஒகரக் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். 0பிசிஏ என்ற ஒரே குறியாக எழுதலாம். ஒற்றைக் கொம்பு 0பிசி6, கால் 0பிபிஇ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாகத் தெரியும். பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தன. அந்த ஃபைல்களை யூனிகோடுக்கு மாற்றிய சில மாற்றிகள் பிரிந்ததைப் பிரிந்தபடியே விட்டுவிட்டன. உங்கள் ஒரு பட்டியல் அப்படி வந்ததாக இருக்கலாம். கோதுமை, சோளம், கொத்தமல்லி எல்லாவற்றிலும் இதே பிரச்சினை வரும், துவரைக்கும் உளுந்துக்கும் வராது.

ஜேசன் மாட்யூல் இதில் தலையிடாது. ஸ்ட்ரிங் எப்படி வந்ததோ அப்படியே எழுதும், அப்படியே படிக்கும். டிக்ட் கீ என்று வரும்போது இரண்டும் வேறு. பெயர் உள்ளே நுழையும் இடத்திலேயே யூனிகோட்டேட்டா.நார்மலைஸ்('என்எஃப்சி', பெயர்) போட்டுவிடுங்கள். பிரிந்தது எல்லாம் சேர்ந்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம்: பைத்தான் 3இல் வேரியபிளுக்கே தமிழில் பெயர் வைக்கலாம். கொள்ளு = 5 என்று எழுதினால் ஓடும். வேரியபிள் பெயர்களைப் பைத்தான் தானாகவே சேர்த்து ஒழுங்குபடுத்திக்கொள்ளும், அதனால் இரண்டு விதமாகத் தட்டினாலும் ஒரே வேரியபிள்தான். மேற்கோளுக்குள் போட்டு ஸ்ட்ரிங் ஆக்கியதும் இரண்டு வேறு பொருளாகிவிடும்.

நவம்பர் 7, காலை 7.52

என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சௌசௌவைப் பாருங்கள். பலர் ஒற்றைக் கொம்பு போட்டு, ச தட்டி, பக்கத்தில் 'ள' எழுத்தையே தட்டிவிடுகிறார்கள்: செளசெள. அது யூனிகோடைப் பொறுத்தவரை முறையான வேறொரு சொல். எந்த நார்மலைசும் அதைத் தொடாது. ஸீரோ விட்த் ஜாய்னர் மாதிரிக் கண்ணுக்குத் தெரியாத குறிகளும் காப்பி பேஸ்டில் ஒட்டிக்கொண்டு வரும், அதையும் என்எஃப்சி தொடாது. ஆகவே பெயரை அடையாளமாக நம்பாமல் பொருள் எண்ணை நம்புங்கள். பெயர் காட்டுவதற்கு மட்டும்.

நவம்பர் 7, இரவு 10.30

இன்னொருவர் பழைய கணக்குக் குறிகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார், முந்திரி, காணி, மா.

2019இல் வந்த யூனிகோட் 12இல் தமிழ்ப் பின்னக் குறிகளுக்குத் தனி இடம் கொடுத்தார்கள், 11எஃப்சி0இல் தொடங்கி. முதல் குறியே 320இல் 1 பங்கு, அதாவது முந்திரி. இந்த எண்கள் நான்கு இலக்கத்துக்குள் அடங்காது. என்ஷ்யூர்_ஆஸ்கி ட்ரூவாக இருந்தால் ஒரே குறியை டி807, டிஎஃப்சி0 என்று இரண்டு துண்டாக, பன்னிரண்டு ஆஸ்கி எழுத்தாக எழுதும். பைத்தான் லோட்ஸ் சரியாகச் சேர்த்துவிடும். ஃபைலைக் கையால் வெட்டி ஒட்டுகிறவர்கள் ஒரு துண்டை விட்டுவிட்டால் பிறகு யுடிஎஃப்-8இல் எழுதும்போது எரர் வரும். இமோஜிக்கும் இதே நிலைமைதான். பழைய ஓலைக் கணக்கை ஜேசனில் ஏற்றும் வேலை யாராவது செய்கிறீர்கள் என்றால் எழுதுங்கள், எனக்கு ஆர்வம் இருக்கிறது.

நவம்பர் 8, காலை 8.00

ஆர்ஜேசன் என்ற வேறொரு ஜேசன் லைப்ரரி பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வேகமானது, ரஸ்டில் எழுதியது, தமிழை விரிக்காது, இன்ட்டிஜர் கீ கொடுத்தால் தனியாக அனுமதி கேட்கும். கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடிக்கும். ஆனால் நேன் வந்தால் பேசாமல் நல் ஆக்கிவிடும், 64 பிட்டுக்கு மேல் இன்ட்டிஜர் எடுக்காது, ஸ்ட்ரிங் தராமல் பைட்ஸ் தரும். மளிகைக் கடை ஸ்டாக்குக்கு அந்த வேகம் தேவையில்லை. பைத்தானோடு வருவதே போதும்.

நவம்பர் 8, இரவு 9.10

கேட்டவர்: "கடையில் கரண்ட் போய்விட்டது. ஃபைலைத் திறந்தால் பாதிதான் இருக்கிறது."

கரண்ட் போகாமலே இது நடக்கும். ஓப்பன் 'டபிள்யூ' என்று போட்ட நிமிடமே பழைய ஃபைல் காலியாகிவிடுகிறது. ஜேசன்.டம்ப் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போகும். நடுவில் ஒரு செட்டோ தேதியோ வந்து டைப்எரர் விழுந்தால் அதுவரை எழுதியது மட்டும் மிச்சம். பழையதும் போச்சு, புதியதும் போச்சு.

வரிசையை மாற்றுங்கள். முதலில் டம்ப்ஸ், உரை முழுசாகக் கையில் வரட்டும். எரர் வந்தால் இங்கேயே வரும், ஃபைலைத் தொட்டிருக்க மாட்டோம். பிறகு அதே ஃபோல்டரில் வேறு பெயரில் ஒரு தற்காலிக ஃபைலைத் திறந்து எழுதி, ஃப்ளஷ் செய்து, ஓஎஸ்.எஃப்சிங்க் போட்டு மூடுங்கள். கடைசியாக ஓஎஸ்.ரீப்ளேஸ் கொண்டு பழைய பெயருக்கு மாற்றுங்கள். எப்போது கரண்ட் போனாலும் நேற்றைய ஃபைலோ இன்றைய ஃபைலோ ஏதாவது ஒன்று முழுசாக இருக்கும்.

நவம்பர் 9, காலை 10.40

"எல்லாம் சேர்த்து ஃபைல் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டதற்கு. நான் எழுதினால் இப்படி:

{"வடிவம்": 2, "சரக்கு": [{"எண்": "101", "பெயர்": "துவரம் பருப்பு", "எச்எஸ்என்": "0713", "கிராம்": 40000, "விலை_பைசா": 16300}]}

பொருள் எண் கீயாக இல்லை, பதிவுக்குள் ஒரு மதிப்பாக இருக்கிறது. உள்ளே நீங்கள் டேட்டாகிளாஸ் வைத்திருந்தால் ஆஸ்டிக்ட் கொண்டு டிக்ட் ஆக்கலாம். நான் ஆக்குவதில்லை. எந்தெந்த விவரம் ஃபைலுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கையால் எழுதும் ஒரு ஃபங்ஷன், திரும்பி வரும்போது கையால் எடுக்கும் ஒரு ஃபங்ஷன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். கிளாஸில் நாளைக்கு ஒரு விவரத்தைச் சேர்த்தால் ஃபைல் தானாக மாறக் கூடாது. "வடிவம்" என்ற எண் அதற்குத்தான்: பழைய ஃபைல் வந்தால் 1 என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி படிக்கலாம்.

டெஸ்டும் ஒன்று எழுதி வையுங்கள். கொள்ளு, சௌசௌ, விலை தெரியாத ஒரு பொருள், சைபரில் தொடங்கும் எச்எஸ்என் என்று வம்பான பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து எழுதிப் படித்து, போனதும் வந்ததும் சமமா என்று பார்க்க வேண்டும்.

நவம்பர் 9, மாலை 5.25

கேட்டவர்: "ஃபைல் ஒரே வரியாக ஓடுகிறது, அப்பாவால் படிக்க முடியவில்லை."

இன்டென்ட்=2 சேருங்கள். ஏற்கெனவே இருக்கும் ஃபைலைப் பார்க்க மட்டும் என்றால் டெர்மினலில் பைத்தான் -எம் ஜேசன்.டூல் என்று அடித்து ஃபைல் பெயரைக் கொடுக்கலாம். அங்கேயும் தமிழ் விரிந்துதான் வரும், கூடவே --நோ-என்ஷ்யூர்-ஆஸ்கி சேர்த்துவிடுங்கள், 3.9இலிருந்து இருக்கிறது.